மண்சரிவுக்கு 'அன்பிரடிக்டபிள்'னு எழுதுறத பத்தி ஒரு கடிதம்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் பண்டாரவளை பக்கத்துல தோட்டத்து பிள்ளைங்களுக்கு இங்கிலிஷ் படிச்சுக் குடுக்குற டீச்சர். எங்க ஸ்கூல் ஸ்டாஃப் ரூம்ல தினமும் பேப்பர் வரும், இன்டர்வல்ல எல்லாரும் பங்கு போட்டு படிப்போம். மழை சீசன் தொடங்கிட்டா ஒரு இங்கிலிஷ் சொல்லு பேப்பர்லயும் டீவிலயும் அதிகாரிங்க வாயிலயும் ஒரே சமயத்துல வந்து உக்காந்துக்கிது, அதான் 'அன்பிரடிக்டபிள்'. "மலைநாட்டு காலநிலை அன்பிரடிக்டபிள் ஆயிருச்சு"ங்கிறாங்க, அடுத்த நாள் அதையே தமிழ்ல "எதிர்பாராத மண்சரிவு"னு போடுறாங்க, இன்னொரு பக்கத்துல "யாருமே கணிக்க முடியாத அனர்த்தம்"னு வருது. மூணும் ஒரே அர்த்தம் மாதிரி எழுதுறாங்க ஐயா. மூணும் ஒண்ணு இல்ல. லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, இருக்குற சனத்துக்கு இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுத வேண்டியிருக்கு.

மொதல்ல சொல்லோட அர்த்தத்த பார்ப்போம். 'பிரடிக்ட்'ங்கிறது லத்தீன்ல இருந்து வந்தது, 'ப்ரே'ன்னா முன்னாடி, 'டிசேரே'ன்னா சொல்றது. ஆக பிரடிக்டபிள்னா நடக்குறதுக்கு முன்னாடியே இன்னது இன்ன நேரம் இன்ன எடத்துல நடக்கும்னு சொல்லக்கூடியது. 2019 டிசம்பர் 26ஆம் தேதி நம்ம நாட்டு வடக்குலயும் திருகோணமலை பக்கமும் வளைய சூரிய கிரகணம் தெரிஞ்சுதே, அது எத்தன மணிக்கு தொடங்கும் எந்த ஊர் மேல நிழல் போகும்னு பல வருஷத்துக்கு முன்னாடியே கணக்கு போட்டு வச்சிருந்தாங்க, நிமிஷம் பிசகல. அதுதான் முழு அர்த்தத்துல பிரடிக்டபிள். அப்படி நேரமும் எடமும் குறிச்சு சொல்ல முடியாதது அன்பிரடிக்டபிள். அவ்வளவுதான். அந்த சொல்லுக்குள்ள 'யாருக்கும் தெரியாது'ங்கிற அர்த்தம் இல்ல, 'யாரும் நெனச்சே பார்க்கல'ங்கிறதும் இல்ல, 'யார் மேலயும் குத்தம் இல்ல'ங்கிறது இல்லவே இல்ல.

பேச்சு வழக்குல இத பல மாதிரி பாவிக்கிறோம், அதுல தப்பு ஒண்ணும் இல்ல. படம் பாத்துட்டு வந்து "கத ரொம்ப பிரடிக்டபிள்"னா கிளைமாக்ஸ் பாதியிலயே தெரிஞ்சுபோச்சுன்னு அர்த்தம், அது கொற சொல்றது. ஆனா "அந்த பஸ்காரன் பிரடிக்டபிள், சரியா ஆறே முக்காலுக்கு வந்துருவான்"னா அது பாராட்டு. ஒரு ஆள அன்பிரடிக்டபிள்னு சொன்னா எப்ப சிரிப்பாரு எப்ப எரிஞ்சு விழுவாருன்னு தெரியாதுன்னு அர்த்தம். பிள்ளைங்களுக்கு நான் இத சொல்லிக் குடுக்குறப்போ கூடவே 'அன்எக்ஸ்பெக்டட்'டையும் பக்கத்துல எழுதி ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு போட்ருவேன். அன்எக்ஸ்பெக்டட்னா எதிர்பாராதது, அது நம்ம மனசுக்குள்ள இருந்த நெனப்ப பத்தினது. அன்பிரடிக்டபிள் அந்த விஷயத்த பத்தினது. ஒரு விஷயம் எந்த நிமிஷம் நடக்கும்னு சொல்ல முடியாம இருக்கலாம், ஆனா நடக்கும்னு நல்லாவே எதிர்பாக்கலாம். மே மாசம் ஹட்டன் பக்கம் மழை எந்த நாள் எத்தன மணிக்கு இறங்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, அதுக்காக மே மாசத்துல ஹட்டன்ல மழை பேஞ்சா அத எதிர்பாராத மழைன்னு யாராவது சொல்லுவாங்களா.

விஞ்ஞானத்துலயும் இதே கததான். அமெரிக்காவுல எட்வர்ட் லோரன்ஸ்னு ஒரு வானிலை விஞ்ஞானி, 1961ல கம்ப்யூட்டர்ல வானிலை கணக்கு ஓட்டிக்கிட்டிருந்தப்போ பழைய கணக்க மறுபடி பார்க்கணும்னு 0.506127ங்கிற எண்ணுக்கு பதிலா 0.506னு சுருக்கி போட்டாரு. அந்த துளி வித்தியாசம் வளந்து வளந்து கடைசியில முழுக்க வேற வானிலையே வந்துருச்சு. அதுல இருந்துதான் அவரு 1963ல அந்த பேர் போன கட்டுரைய எழுதுனாரு, பட்டாம்பூச்சி விளைவுன்னு இப்ப எல்லாரும் சொல்றது இதத்தான். ரெண்டு கிழமைக்கு மேல போனா இன்ன நாள் இன்ன எடத்துல மழைன்னு நம்பி சொல்ல முடியாதுங்கிறதுக்கும் அடிப்படை அதுதான். ஆனா இதுல முக்கியமா கவனிக்க வேண்டியது, அந்த கணக்குல ஒழுங்கில்லாதது எதுவுமே இல்ல, ஒவ்வொரு வரியும் விதிப்படிதான் ஓடுச்சு. விதி இருந்தும் நீண்ட நாளைக்கு முன்கூட்டி சொல்ல முடியாதுங்கிறதுதான் அவரு கண்டுபிடிச்சது. நாளைக்கும் நாளான்னைக்கும் உள்ள மழைய சொல்லவே முடியாதுன்னு அவரு சொல்லவே இல்ல.

இப்ப நம்ம மலைக்கு வாறேன். நம்ம தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கே, அவங்க மண்சரிவு எச்சரிக்கைய மழையோட அளவ வச்சுத்தான் குடுக்குறாங்க. 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர தாண்டுனா மஞ்சள், விழிப்பா இருக்கணும். 100 தாண்டுனா அம்பர், அதாவது செம்மஞ்சள், வெளியேற ஆயத்தமா இருக்கணும். 150 தாண்டுனா, இல்லாட்டி ஒரே மணித்தியாலத்துல 75 பேஞ்சா, சிவப்பு, அந்த எடத்த விட்டு போயிறணும். இந்த மூணு எண்ணும் சரிவு எப்ப வரும்னு நேரம் சொல்லல. எந்த அளவுக்கு மேல போனா அந்த எடத்துல மனுஷன் படுத்து தூங்கக்கூடாதுன்னு சொல்லுது.

மில்லிமீட்டர்னா சனத்துக்கு புரியாதுன்னு சிலர் சொல்லுவாங்க, புரியிற மாதிரி சொன்னா ஏன் புரியாது. ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழைன்னா 1 லீட்டர் தண்ணி. தோட்டத்துல வீட்டுக்குன்னு குடுத்த 7 பேர்ச் காணிய எடுத்துக்குவோம், அது கிட்டத்தட்ட 177 சதுர மீட்டர். அதுல 150 மில்லிமீட்டர் பேஞ்சா 26,000 லீட்டருக்கு மேல தண்ணி, அதாவது 26 தொன்னுக்கு மேல பாரம், அதுவும் அந்த சின்ன காணி மேல மட்டும். அதுக்கு மேல இருக்குற மலை முழுக்க பேஞ்ச தண்ணியும் கான் வெட்டி சரியா விடாட்டி மண்ணுக்குள்ளதான் எறங்கும். எட்டாம் ஆண்டு பிள்ளைங்களுக்கு இந்த கணக்க பலகையில போட்டு காட்டுனேன், ஒரு பொம்பளப் பிள்ள எழும்பி "டீச்சர் அப்ப எங்க லயத்துக்கு மேல எத்தன லீட்டர் நிக்கும்"னு கேட்டா. பன்னெண்டு பதிமூணு வயசுல அவ கேட்ட கேள்வியத்தான் பெரியவங்களும் கேக்கணும்.

மலையும் வாய் மூடிக்கிட்டு இருக்குறதில்ல. போன மழைக்கு ஒரு பிள்ளையோட வீட்டுக்கு போயிருந்தேன், பழைய லயம், காம்பரா கதவ அவங்க அப்பாயி தோள் குடுத்து தள்ளித்தான் சாத்துனாங்க. "மழ பேஞ்சா பலக ஊதிக்கிரும் டீச்சர்"னாங்க. எனக்கு மனசு கேக்காம அடுப்படி பக்கம் தரைய பார்த்தேன், செவுத்துல இருந்து வாசல் வரைக்கும் ஒரு வெடிப்பு, சீமெந்து பூசி அடைச்சிருக்கு, அந்த சீமெந்துக்கு நடுவுல மறுபடி வெடிச்சிருக்கு, அஞ்சு ரூவா காச நட்டுக்குத்தா விட்டா உள்ள போயிரும். வெளிய வந்தா லைட் போஸ்ட் ஒண்ணு பள்ளத்து பக்கமா சாஞ்சு நிக்குது. கதவு எறுகுறது, தரை வெடிக்கிறது, மரமும் போஸ்டும் சாயிறது, இல்லாத எடத்துல ஊத்து வாறது, தெளிவா வந்த ஊத்து தண்ணி திடீர்னு கலங்குறது, ஓடிக்கிட்டிருந்த தண்ணி நின்னுபோறது, இதெல்லாம் மண்ணு நகருதுன்னு காட்டுற அடையாளம்னு அந்த நிறுவனமே சொல்லுது. அந்த அப்பாயி அந்த வீட்டுல பொறந்து வளந்தவங்க, வெடிப்ப தினமும் மிதிச்சுத்தான் அடுப்பு பத்த வைக்கிறாங்க. அவங்களுக்கு யாரும் வந்து உக்காந்து இத சொல்லலைங்கிறதுதான் வேதனை. ஊர்ல ஒருத்தருக்கு வெடிப்ப காட்டி அளக்க சொல்லிக் குடுத்தா போதும், கிழமைக்கு ஒருக்கா அடிமட்டம் வச்சு பார்த்து ஒரு கொப்பில எழுதி வச்சா அது கூடுதா அப்படியே இருக்கான்னு தெரிஞ்சுரும்.

மீரியபெத்தைய மறக்க முடியுமா ஐயா. கொஸ்லந்தைக்கு கிட்ட உள்ள தோட்டம், 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி மண்சரிவு வந்துச்சு, தீபாவளி கொண்டாடி ஒரு கிழமதான் ஆகியிருந்துச்சு, காலையில ஸ்கூலுக்கு போன பிள்ளைங்க திரும்பி வந்து பாக்குறப்போ லயமே இல்ல. அந்த எடம் ஆபத்தான எடம், சனத்த அங்க இருந்து மாத்தணும்னு 2005லயும் 2011லயும் எச்சரிக்கை குடுத்திருந்தாங்க. அத அன்னைக்கு எத்தனையோ பேர் எதிர்பாராத அனர்த்தம்னுதான் எழுதுனாங்க. எதிர்பார்த்து ஒம்பது வருஷம் ஆன அனர்த்தம் அது. எந்த நாள் எந்த மணின்னுதான் தெரியாம இருந்துச்சு. "போங்கன்னு சொன்னா எங்க போறது, காணி எங்க இருக்கு"ன்னு அந்த சனம் கேட்டிருக்கும், அந்த கேள்வி ரொம்ப நியாயம், ஆனா அந்த கேள்விக்கு பதில் சொல்ல வேண்டிய எடத்துல 'அன்பிரடிக்டபிள்'ங்கிற சொல்ல கொண்டுவந்து வச்சா கேள்வியே மறைஞ்சு போயிருது. இதுதான் எனக்கு ஆறாத விஷயம்.

காலத்த பாருங்க. 2016 மே 17ஆம் தேதி அரநாயக்கவுல சாமசர மலை சரிஞ்சுது, அது தென்மேல் பருவமழ தொடங்குற காலம். மீரியபெத்த ஒக்டோபர் கடைசி, அது ரெண்டு பருவத்துக்கும் இடைப்பட்ட மழை. டித்வா புயல் 2025 நவம்பர் கடைசி. மேக்கு சரிவுக்கு மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும், பதுளைய சேர்ந்த கெழக்கு சரிவுக்கு ஒக்டோபர் தொடங்கி தை மாசம் வரைக்கும்னு மழை வாற காலம் நம்ம தாத்தா பாட்டி காலத்துல இருந்து தெரிஞ்சது. தோட்டங்கள்ல மழை அளந்து எழுதி வச்ச ரெஜிஸ்டர் எத்தனையோ வருஷத்துக்கு இருக்கு. வட்டவளை மாதிரி எடத்துல வருஷத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல பேயுது. 1990கள்ல இருந்தே மண்சரிவு அபாய வலய மேப் போட்டுக்கிட்டு வாறாங்க, எந்த சரிவு செவப்பு எந்த சரிவு மஞ்சள்னு அதுல கலர்ல இருக்கு. காலமும் தெரியும், எடமும் பெரும்பாலும் தெரியும், அளவும் தெரியும். இதுக்கு மேல மிச்சம் இருக்குறது அந்த நிமிஷம் மட்டுந்தான்.

டித்வா நேரம் இன்னொரு கொழப்பமும் பாத்தேன், 'அன்பிரடிக்டபிள்'னு எழுத வேண்டிய எடத்துல 'அன்பிரசிடென்டட்'னும், அத எழுத வேண்டிய எடத்துல இதையும் மாத்தி மாத்தி போட்டிருந்தாங்க. அன்பிரசிடென்டட்னா இதுக்கு முன்னாடி இப்படி நடந்ததே இல்லன்னு அர்த்தம், அது பழைய கணக்க பத்தினது. நாடு முழுக்க 600க்கு மேல ஆளுங்க செத்துபோன அந்த புயல, அவ்வளவு மழைய, நம்ம வயசுல பாக்கலன்னு சொன்னா சரி. ஆனா முன்ன பாக்கலங்கிறதுக்கும் முன்கூட்டி சொல்ல முடியலங்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல. செவப்பு எச்சரிக்கை அந்த மழை நேரத்துலயும் குடுத்திருந்தாங்கதானே. அது சரியான நேரத்துல, தமிழ்ல, லயத்து வாசல் வரைக்கும் வந்துச்சாங்கிறதுதான் கேக்க வேண்டிய கேள்வி. எங்க பக்கத்துல பல பேருக்கு போன்ல வந்த மெசேஜ் சிங்களத்துல இருந்துச்சு, வாசிச்சு சொல்ல ஸ்கூல் போற பிள்ளைங்க இருந்த வீட்டுக்கு மட்டுந்தான் வெளங்குச்சு.

இந்த சொல்ல வச்சு இத்தாலியில ஒரு கோர்ட் கேஸே நடந்துச்சு. லாக்விலாங்கிற ஊர்ல மாசக்கணக்கா சின்ன சின்ன நடுக்கம் வந்துக்கிட்டே இருந்துச்சு, சனம் பயந்து போயிருந்துச்சு. 2009 மார்ச் 31ஆம் தேதி விஞ்ஞானிங்களும் அதிகாரிங்களும் கூடி பேசுனாங்க. பூமியதிர்ச்சிய நேரம் குறிச்சு சொல்ல உலகத்துல யாராலயும் முடியாது, அது உண்மை. ஆனா ஒரு அதிகாரி டீவிக்கு பேட்டி குடுக்குறப்போ, இந்த சின்ன நடுக்கமெல்லாம் சக்திய வெளிய விடுது, அதனால நெலம சாதகமாத்தான் இருக்குன்னு சனத்துக்கு ஆறுதல் சொல்லிட்டாரு. முன்னெல்லாம் நடுக்கம் வந்தா வெளிய போய் படுக்குற பழக்கம் உள்ள குடும்பங்கள் அந்த பேச்ச நம்பி வீட்டுக்குள்ளயே இருந்தாங்கன்னு பின்னாடி கோர்ட்ல சொன்னாங்க. ஏப்ரல் 6ஆம் தேதி விடியக்காலம் மூணரை மணிக்கு பெரிய அதிர்ச்சி வந்து 300க்கு மேல ஆளுங்க செத்துட்டாங்க. 2012ல ஏழு பேருக்கு ஆறு வருஷ சிறைன்னு தீர்ப்பு வந்துச்சு, 2014ல மேன்முறையீட்டுல ஆறு விஞ்ஞானிங்களையும் விடுவிச்சுட்டாங்க, அந்த அதிகாரிக்கு மட்டும் ரெண்டு வருஷமா கொறச்சு தண்டனைய உறுதிப்படுத்துனாங்க. விஞ்ஞானிங்கள தண்டிச்சது தப்புன்னுதான் நானும் நெனக்கிறேன். ஆனா 'எப்ப வரும்னு சொல்ல முடியாது'ங்கிறது சனத்தோட காதுக்கு போறதுக்குள்ள 'பயப்பட ஒண்ணும் இல்ல'ன்னு மாறிப்போச்சு பாருங்க, அந்த மாத்தந்தான் ஆள கொன்னது. நம்ம மலையில 'அன்பிரடிக்டபிள்' அதே மாதிரி 'அப்ப நாம செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல'ன்னு மாறிக்கிட்டிருக்கு.

இன்னொண்ணும் இருக்கு. அன்பிரடிக்டபிள்னு யாராவது சொன்னா, யாருக்குன்னு கேக்கணும். கிரிக்கெட்ல நம்ம கண்டி முரளிய, முத்தையா முரளிதரன பாருங்க, 133 டெஸ்ட்ல 800 விக்கட். அவரோட தூஸ்ராங்கிற பந்து எந்த பக்கம் திரும்பும்னு பேட்ஸ்மேனுக்கு தெரியாது, அவனுக்கு அது அன்பிரடிக்டபிள். பந்து கையில இருக்குற முரளிக்கு நல்லாவே தெரியும். மேப் கையில உள்ளவருக்கும், மழை அளக்குற மெஷின் ரிப்போர்ட் பாக்குறவருக்கும், லயத்துல சம்பல் அரைச்சுக்கிட்டிருக்குற அம்மாவுக்கும் ஒரே மலை ஒரே மாதிரி அன்பிரடிக்டபிள் இல்ல ஐயா. தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்கு சொல்லாம இருந்தா அது தெரியாதவங்களுக்குத்தான் திடீர்னு வரும். அதனால "யாருமே கணிக்க முடியாத"ன்னு எழுதுறப்போ அந்த 'யாருமே'ல யார் யார் இருக்காங்கன்னு எழுதுறவரு ஒருக்கா யோசிக்கணும்.

எதிர்வுகூறல்னு நம்ம நாட்டு தமிழ்ல அழகா ஒரு சொல்லு இருக்கு, வளிமண்டலவியல் திணைக்களமும் பாவிக்குது. ஆனா அதையும் சனம் கிரகண கணக்கு மாதிரி எடுத்துக்கிது, 60 வீதம் மழைக்கு வாய்ப்புன்னு சொல்லி அன்னைக்கு வெயில் அடிச்சா "இவனுங்க சொன்னது பொய்"யின்னு அடுத்த எச்சரிக்கைய கணக்கெடுக்காம விட்டுர்றாங்க. 60 வீதம்னா அதே மாதிரி பத்து நாள்ல ஆறு நாள் பேயும் நாலு நாள் பேயாதுன்னு அர்த்தம், அந்த நாலு நாள் வந்தா எதிர்வுகூறல் தோத்துருச்சுன்னு இல்ல. செவப்பு எச்சரிக்கைக்கு வீட்ட விட்டு கோயில் மண்டபத்துல போய் படுத்து விடியக்காலம் ஒண்ணும் நடக்காம திரும்பி வந்தா அலைச்சல்னு சலிச்சுக்கிறாங்க. சலிப்பு நியாயம், குளிர்ல பச்சப் பிள்ளைய தூக்கிக்கிட்டு போறது லேசா. ஆனா அந்த ராத்திரி வீண் இல்லன்னு பேப்பர்ல நீங்க விளக்கி எழுதுனா அடுத்த தடவையும் போவாங்க, நீங்க எழுதாட்டி போக மாட்டாங்க.

உங்க கிட்ட நான் கேக்குறது இதுதான் ஐயா. மண்சரிவு செய்தியில 'எதிர்பாராத'ங்கிற சொல்ல, அந்த எடத்துக்கு முன்னமே எச்சரிக்கை இருந்துச்சான்னு விசாரிக்காம போட வேணாம். அதிகாரி அன்பிரடிக்டபிள்னு சொன்னா அப்படியே அச்சடிக்காம, நேரமா எடமா அளவா, எத சொல்ல முடியலன்னு உங்க நிருபர் திருப்பி கேக்கட்டும். எச்சரிக்கை இருந்திருந்தா அது எந்த வருஷம் குடுத்தது, அதுக்கப்புறம் அந்த சனத்துக்கு காணி குடுத்தாங்களான்னு அதே செய்தியில போடுங்க. மழை சீசன்ல மொத பக்கத்துலயே அந்த 75, 100, 150 எண்ணையும் முந்தின நாள் ஒவ்வொரு பிரதேசத்துலயும் பேஞ்ச அளவையும் தமிழ்ல பெரிய எழுத்துல போடுங்க. பதுளை, நுவரெலியா, கண்டி, கேகாலை, இரத்தினபுரி சனம் அத வெட்டி செவுத்துல ஒட்டி வச்சுக்கும். எங்க ஸ்கூல் நோட்டிஸ் போர்ட்ல நான் தினமும் ஒட்டுறேன், அதுக்கு பொறுப்பு நான்.

இப்படிக்கு,
தோட்டப்பாடசாலை ஆங்கில ஆசிரியை ஒருத்தி,
பண்டாரவளை.